மூடிய ஸ்டோரும் மூன்று குடும்பங்களும்

கேள்வி: ஹேவாஹெட்டப் பக்கத்தில், நூறு வருடம் கடந்ததென்று சொல்லப்படும் பழைய தேயிலை ஸ்டோர் ஒன்றும், அதற்கு மேலே தொரை பங்களாவும், கீழே ஒரு லயமும், சுற்றியுள்ள காணியோடு விலைக்கு வந்திருக்கின்றன. லண்டனில் பிரித்தானியப் பிரஜையாயிருக்கும் என் மைத்துனரும் நானும் சேர்ந்து வாங்கி, ஸ்டோரைச் சொகுசு வீடாகவும் லயத்தை விருந்தினர் அறைகளாகவும் மாற்ற எண்ணுகிறோம். லயத்தில் மூன்று குடும்பங்கள் இருக்கின்றன. உறுதி முடிந்ததும் எழும்பிவிடுவார்கள் என்கிறார் விற்பவர். பழைய கட்டடமென்று தொல்பொருள் திணைக்களம் தடுக்குமா?
– ஒரு வாசகர், ஹேவாஹெட்ட

பதில்: தங்கள் உத்தேசத்தில் விபரீதம் ஒன்றுமில்லை; ஸ்டோர்கள் வேறு உபயோகத்துக்கு மாறுவது புதிதன்று. 1867 இல் ஜேம்ஸ் டெய்லர் லூல்கந்துரயில் 19 ஏக்கரில் தேயிலை நட்டபின், கோப்பிப் பயிரை நோய் அழித்தபோது, கோப்பிக்கென்று எழுப்பிய ஸ்டோர்கள் பல தேயிலைக்கு மாறின. நம் காலத்திலோ கந்தப்பொலையில் ஹெதர்செட் தோட்டத்து ஸ்டோர் 1996 இல் ஹோட்டலாயிற்று, கொழுந்து வாட்டிய மாடிகளில் இன்று விருந்தினர் உறங்குகிறார்கள். ஹந்தானையில் 1925 இல் கட்டிய ஸ்டோர் 2001 இல் தேயிலை அரும்பொருட்சாலையாகத் திறக்கப்பட்டது.

தொல்பொருள் பற்றிய அச்சம் தங்களை அதிகம் வருத்த வேண்டாம். 1940 ஆம் ஆண்டின் தொல்பொருள் கட்டளைச் சட்டம் கண்டி உடன்படிக்கை நாளான 1815 மார்ச் 2 ஐ எல்லையாக வைத்தே பண்டைய நினைவுச்சின்னங்களைப் பேசுகிறது. தோட்டத்துக் கட்டடங்களோ அதற்குப் பிந்தியவை. ஆயினும் பிற்காலக் கட்டடத்தையும் வர்த்தமானி அறிவித்தல் மூலம் பாதுகாக்கும் அதிகாரம் அமைச்சருக்கு உண்டாதலால், இந்த ஸ்டோர் அவ்விதம் பிரகடனப்படுத்தப்பட்டுள்ளதா என்று திணைக்களத்திடம் எழுத்தில் கேட்டுப் பெறுக.

உண்மையான அபாயம் காணியில் இருக்கிறது. 1972 ஆம் ஆண்டின் காணிச் சீர்திருத்தச் சட்டம் ஒருவர் வைத்திருக்கத்தக்க விவசாயக் காணிக்கு 50 ஏக்கர் என வரம்பு விதித்து மிகுதியைக் காணிச் சீர்திருத்த ஆணைக்குழுவிடம் ஒப்படைத்தது. 1975 ஆம் ஆண்டின் திருத்தம் கம்பனித் தோட்டங்களையும் அரசுக்கு ஆக்கியது. 1992 முதல் அவற்றிற் பல பெருந்தோட்டக் கம்பனிகளின் கையில் 2045 வரையான குத்தகையாக மாத்திரமே இருந்து வருகின்றன. ஆகவே விற்பவர் காட்டும் கடதாசி குத்தகையானால், அவர் தமக்கில்லாத ஆதனத்தை விற்க முயலுகிறார். உபகுத்தகையானால் அதற்கு அரசின் சம்மதம் வேண்டும், தலைக்குத்தகை முடிகிற நாளில் அதுவும் முடிந்துவிடும், தாங்கள் கோடிக்கணக்கிற் கொட்டிப் பதித்த தேக்குத் தளமும் குளியலறைச் சலவைக்கல்லும், ஒப்பந்தத்தில் வேறுவிதமாக எழுதப்பட்டாலன்றி, காணிக்காரர் பக்கமே சேரும். அவர் சுயமான உரிமையாளரானால், ஆணைக்குழு அவர் குடும்பத்துக்கு விட்டுக்கொடுத்த பகுதி எதுவென்று காட்டும் நியதிச்சட்டத் தீர்மானத்தையும் அதற்கான நில அளவைப் படத்தையும் கேளுங்கள். அந்தக் கோடுகளுக்குள் ஸ்டோர் நிற்கிறதா என்று ஒரு நில அளவையாளரைக் கொண்டு நிலத்திலேயே பார்ப்பது அவசியம். அரசுக் காணியாயின், பத்து வருஷத்துக்கு மேல் அனுபவித்தோம் என்னும் ஆட்சியுரிமை வாதம் செல்லாது. காணிப் பதிவகத்தில் தேடுமுன் மாவட்டத்தையும் நிச்சயித்துக்கொள்க: ஹேவாஹெட்ட நகரம் ஹங்குராங்கெத்தவோடு நுவரெலியா மாவட்டத்தைச் சேர்ந்தது, தலாத்துஓயாப் பக்கத்துப் பாத்தஹேவாஹெட்ட கண்டியைச் சேர்ந்தது.

மைத்துனர் இரட்டைப் பிரஜாவுரிமை பெறாதவராயின், 2014 ஆம் ஆண்டின் 38 ஆம் இலக்கச் சட்டத்தின்படி அவர் பெயருக்கு உரிமை மாற்ற முடியாது. 99 வருடத்துக்கு மேற்படாத குத்தகை மாத்திரமே பெறலாம். தங்கள் பெயரில் எழுதி அவர் பணத்தில் வாங்குவதென்ற ஏற்பாட்டை எந்த நொத்தாரிசு சொன்னாலும் கேட்க வேண்டாம். குடும்பத்தில் மனஸ்தாபம் வருகிற நாளில் அது இருவரையுமே நியாயஸ்தலத்துக்கு இழுக்கும்.

இனி, கடிதத்தில் தாங்கள் ஒரே வரியில் கடந்துபோன விஷயத்துக்கு வருகிறேன். லயத்துக் குடும்பங்கள் உறுதி முடிந்ததும் எழும்பிவிடும் என்பது விற்பவரின் ஆசை. சட்டத்தின் நிலை வேறு. 1971 ஆம் ஆண்டின் 2 ஆம் இலக்கத் தோட்டக் குடியிருப்புக்கள் (விசேட ஏற்பாடுகள்) சட்டத்தின்படி, வேலை நீங்கியவராயினும் தோட்டக் குடியிருப்பிலிருப்பவரை நீதிமன்றக் கட்டளையின்றி வெளியேற்றலாகாது. பைப்பை அடைப்பதும், கூரைத் தகரத்தைக் கழற்றுவதும், லொறியில் சாமான்களை ஏற்றித் தெருவில் இறக்குவதுமான தோட்டத்துப் பழைய உபாயங்களை யாராவது மேற்கொண்டால், 1979 ஆம் ஆண்டின் ஆரம்ப நீதிமன்ற நடவடிக்கைமுறைச் சட்டத்தின் 66 ஆம் பிரிவின் கீழ், பலவந்தமாக வெளியேற்றப்பட்டோர் இரண்டு மாதத்துக்குள் நீதிமன்றம் சென்றால், உரிமை யாருடையதென்ற விசாரணைக்கு முன்னமே மீண்டும் உள்ளே அமர்த்தப்படுவர். காலி உடைமை தருவதாக விற்பவர் உறுதியில் எழுதிக் கொடுத்தாலும் அந்த வாக்கு அவரைக் கட்டுமேயன்றி அக்குடும்பங்களைக் கட்டாது. விளம்பரங்களில் பாரம்பரியக் குடில் என்று அழகாகச் சொல்லப்படும் அந்தப் பத்தடிக் காம்பராக்களில் தலைமுறைகளாகப் பிள்ளை பெற்று வளர்த்தவர்கள் இருக்க, அவர்களைச் சாமான்களோடு சேர்த்து விலை பேசுவது எனக்கு உவப்பானதன்று. என் அபிப்பிராயம், லயத்தையும் அதன் முன்வாசல் காய்கறித் தோட்டத்தையும் அளந்து பிரித்து அக்குடும்பங்களின் பெயருக்கு எழுதச் சம்மதித்து, ஸ்டோரையும் பங்களாவையும் மட்டும் வாங்குவதாகும். விருந்தினர் அறைகளை ஸ்டோரின் மேல்மாடியில் தாராளமாக அமைக்கலாம். விற்பவரின் பூரண உரிமை நிரூபிக்கப்பட்டாலன்றி இதுவும் சாத்தியமில்லை. தேயிலைக் காணியைத் துண்டிடுவதற்கு 1958 ஆம் ஆண்டின் துண்டாடல் கட்டுப்பாட்டுச் சட்டமும் பொருந்துமா என்று வழக்கறிஞர் பார்க்க வேண்டும்.

கட்டட மாற்றத்துக்குப் பிரதேச சபையின் அனுமதியும், மலைச்சரிவாதலால் தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனத்தின் மண்சரிவு அறிக்கையும் வேண்டும். 2025 நவம்பரில் டித்வா புயல் இம்மலைகளில் செய்ததைக் கண்டபின், அந்த அறிக்கையைக் காணி வாங்கிய பிறகு பெறுவதைவிட வாங்குமுன் பெறுவதே புத்தி.

முற்பணம் கேட்டு விற்பவர் அவசரப்படுத்தினால், காகிதத் துண்டில் பற்றுச்சீட்டு வாங்கிக்கொண்டு கொடுத்துவிட வேண்டாம். 1840 ஆம் ஆண்டின் மோசடித் தடுப்புக் கட்டளைச் சட்டத்தின்படி காணி விற்பனை உடன்படிக்கையும் நொத்தாரிசு முன்னிலையில், இரு சாட்சிகளோடு எழுதப்பட்டாலன்றிச் செல்லாது. அந்த உடன்படிக்கையில், உரிமைத் தேடல் திருப்தியாக இல்லையெனில் முற்பணம் முழுவதும் திரும்பத் தரப்படும் என்ற வாசகத்தை மறவாமல் சேர்ப்பிக்கவும்.