உறைபனிக் காலத்தில் பைன் போன்சாய் பராமரிப்பு



நம்ம நீலகிரியில் மார்கழி, தை மாசம் வந்தாலே உறைபனிதான். போன வருஷம் நமது உறுப்பினர் ஒருவர், குளிருக்குப் பயந்து நான்கு பைன் போன்சாய் தொட்டிகளை அடுப்படிக்குள் வைத்தார். தினமும் தண்ணீரும் ஊற்றினார். பார்க்கப் பச்சையாகத்தான் இருந்தது. மாசியில் ஊசியிலை எல்லாம் பழுத்துக் கொட்டிவிட்டது. பிடுங்கிப் பார்த்தால் வேர் அழுகிக் கிடந்தது. மூன்று வருஷ உழைப்பு வீண். குழுக் கடன் மட்டும் மிச்சம்.

இதில் நாம் கற்ற பாடம் என்ன? பைன் குளிர் தாங்கும் மரம். வெளிச்சம் இல்லாததும், வேரில் தேங்கும் ஈரமும்தான் அதற்கு எமன். வேர் செத்த பிறகும் இலை சில வாரம் பச்சையாகவே இருக்கும். அதனால் இலையை நம்பாதீங்க, மண்ணைத் தொட்டுப் பாருங்க.

நாம் செய்ய வேண்டியவை:

1. தொட்டியை வெளியே, வெயில் படும் இடத்தில் வையுங்கள். பள்ளம் வேண்டாம்; குளிர்காற்று அங்கேதான் தங்கும்.

2. மேல்மண் காய்ந்த பிறகே, காலையில் வெயில் ஏறியதும் தண்ணீர் விடுங்கள். சாயங்காலம் வேண்டாம்.

3. சின்னத் தொட்டி மண் சீக்கிரம் குளிர்ந்துவிடும். ராத்திரியில் தொட்டியைச் சுற்றி வைக்கோல் போடுங்கள்.

4. உரம் வைப்பது, தொட்டி மாற்றுவது இரண்டையும் குளிர் முடிந்து மொட்டு பருக்கும்வரை தள்ளிப் போடுங்கள்.

அடுத்த கூட்டத்துக்கு ஆளுக்கொரு தொட்டி கொண்டு வாங்க. மண்ணைத் தொட்டு ஈரம் பார்க்க எல்லோரும் சேர்ந்தே பழகுவோம்.