இரத்தம் உறைவதைத் தடுக்கும் குளிசையும் எமது கீரைக் கறியும்

எமது ஆலயத்திற்கு வரும் பெரியவர்களிற் பலர் வார்ஃபரின் என்னும் குளிசையை நாள்தோறும் எடுத்து வருகின்றனர். சிறு வயதில் வந்த மூட்டுவாதக் காய்ச்சலால் இருதய வால்வு பழுதடைந்து உலோக வால்வு பொருத்தப்பட்டவர்கள், இருதயத் துடிப்பு ஒழுங்கு தவறியவர்கள், காலிலோ நுரையீரலிலோ இரத்தம் கட்டிப்பட்டவர்கள் எனப் பலர். இங்கிலாந்தின் வைத்தியசாலைகளில் தாதியராகப் பணிபுரியும் நாங்கள், இக்குளிசை பற்றி எம்மவரிடையே உள்ள சில மயக்கங்களை அடிக்கடி காண்கின்றோம். அவற்றிற் பாதி மருந்தால் வந்தவை அல்ல, மொழிபெயர்ப்பால் வந்தவை.

இம்மருந்தை ஆங்கிலப் பேச்சு வழக்கில் ‘பிளட் தின்னர்’ என்பார்கள். பக்கத்தில் இருக்கும் மகனோ பேர்த்தியோ, “இரத்தத்தைத் தண்ணியாக்கிற மருந்தாம் அம்மா” என்று சொல்லிவிடுவார். அம்மாவும் தலையாட்டிவிடுவார். வீட்டுக்குப் போனபின் அவருக்கு யோசனை வருகிறது: இரத்தம் தண்ணியானால் உடம்பில் பலம் எங்கே இருக்கும்? களைப்பு வந்தால் குளிசையில் பழி விழும். இரண்டு நாள் எடுப்பார், ஒரு நாள் விடுவார். இப்படி விட்டு விட்டு எடுத்த ஒரு தாயார் பாரிசவாதத்துடன் எமது விடுதிக்கு வந்ததை நாம் கண்டிருக்கிறோம். “இரத்தம் குறைஞ்சு போகும் எண்டு பயந்தனான் பிள்ளை” என்றார் அவர்.

உண்மையில் வார்ஃபரின் இரத்தத்தைத் தண்ணீராக்குவதில்லை. அதன் அளவையோ சத்தையோ குறைப்பதுமில்லை. காயம் பட்டால் இரத்தம் உறைவதற்கு வேண்டிய சில புரதங்களை எமது ஈரல் செய்கிறது. அவற்றுள் நான்கினைச் செய்து முடிக்க விற்றமின் கே தேவை. அந்த விற்றமின் வேலை செய்யும் வழியை வார்ஃபரின் தடுக்கிறது. ஆகவே இரத்தம் உறையப் பிடிக்கும் நேரம் நீள்கிறது. “இரத்தம் கட்டிபடாமற் பார்க்கும் மருந்து” என்று சொன்னாலே போதும்.

ஏற்கெனவே இரத்தத்தில் உள்ள புரதங்கள் தீர்ந்துபோக நாட்கள் எடுக்கும். அதனால் இன்று எடுத்த குளிசையின் முழுப் பலன் இரண்டு மூன்று நாட்களின் பின்னரே பரிசோதனையில் தெரியும். ஒரு நாள் மறந்துவிட்டு அடுத்த நாள் இரட்டிப்பாக எடுப்பது ஏன் கூடாது என்பதும் இதனால் விளங்கும். அன்றைக்கே நினைவு வந்தால் எடுக்கலாம்; மறுநாள் ஆகிவிட்டால் அதை விட்டுவிட்டு வழமையான அளவை எடுத்து, விடுபட்டதைக் குறித்துக்கொள்ள வேண்டும். மாலை ஆறு மணிக்கு எடுக்கச் சொல்வதற்கும் காரணமுண்டு. பகலிற் செய்த பரிசோதனையின் முடிவு வந்தபின் அன்றைய அளவையே மாற்றிக்கொள்ளலாம்.

“இது எலிப் பாஷாணமாமே!” என்று கேட்பவர்களும் உண்டு. உண்மைதான். 1920களில் வட அமெரிக்காவில் பழுதான வைக்கோல் தின்ற மாடுகள் இரத்தம் வடிந்து இறந்தன. அதன் காரணத்தைத் தேடிய விஸ்கொன்சின் பல்கலைக்கழக ஆய்வின் வழியே இம்மருந்து பிறந்தது. 1948இல் எலி மருந்தாக விற்கப்பட்டு, 1954இல் மனிதருக்கு அனுமதிக்கப்பட்டது. எல்லாம் அளவைப் பொறுத்தது. அந்த அளவைப் பார்ப்பதற்குத்தான் ஐ.என்.ஆர் என்னும் பரிசோதனை. மருந்து எடுக்காதவருக்கு அது ஏறத்தாழ 1. துடிப்பு ஒழுங்கு தவறியவர்களுக்குப் பொதுவாக 2 முதல் 3 வரை இருக்க வேண்டும். சில உலோக வால்வுகளுக்கு அதிலும் சற்றுக் கூட. உங்கள் எண் எது என்பதை நீங்களே தெரிந்து வைத்திருங்கள்.

இனிக் கீரைக்கு வருவோம். வைத்தியசாலையில் “பச்சை இலைகளிற் கவனம்” என்று சொன்னால், எமது வீடுகளில் அது “கீரையே கூடாது” என்று ஆகிவிடுகிறது. முருங்கை இலை வறையும் வல்லாரைச் சம்பலும் பொன்னாங்காணியும் அன்றோடு நின்றுவிடும். கடும் பச்சை இலைகளில் விற்றமின் கே நிறைய உண்டு என்பது சரி. ஆனால் தாதி சொன்னது விடச் சொல்லியல்ல, கூட்டிக் குறைக்க வேண்டாம் என்றுதான். வாரம் மூன்று முறை கீரை சாப்பிடுபவர் அப்படியே சாப்பிடட்டும். மருந்தின் அளவு அந்தச் சாப்பாட்டுக்கு ஏற்றபடி அமைக்கப்படும். திடீரென்று நிறுத்தினால் ஐ.என்.ஆர் ஏறும், முரசில் இரத்தம் கசியும். மகளைப் பார்க்க வேறு ஊருக்குப் போய் ஒரு மாதம் தினமும் கீரை சாப்பிட்டால் எண் இறங்கும், கட்டிபடும் ஆபத்து வரும். ஒரு நாள் ஒரு கரண்டி கூடிவிட்டது என்று பதற வேண்டியதில்லை.

விரத காலங்களே எமக்கு மிகவும் கவலை தருபவை. கந்தசஷ்டியின் ஆறு நாளும் பாலும் பழமும் மட்டும் எடுப்பவரின் ஐ.என்.ஆர் உயரக்கூடும். ஏகாதசி உபவாசத்தின் பின் துவாதசியன்று அகத்திக்கீரையோடு பாரணை செய்வது ஒரு நாட் சங்கதி. ஆறு நாள் உணவு குறைவது அப்படியல்ல. விரதம் இருக்க வேண்டாம் என்று நாம் சொல்லவில்லை. தொடங்குமுன் இரத்தப் பரிசோதனை நிலையத்தில் நாட்களைச் சொல்லுங்கள். இடையில் ஒரு முறை கூடுதலாகப் பரிசோதிக்க ஏற்பாடு செய்யலாம். அவர்களுக்குச் சஷ்டி என்றால் தெரியாது. “ஆறு நாள் மிகக் குறைவாகச் சாப்பிடுவேன்” என்றால் தெரியும்.

கனடாவிலுள்ள உறவினர் வீட்டுக்குப் போகிறவர்கள் இதைக் கவனிக்க வேண்டும். இங்கிலாந்தில் இளஞ்சிவப்பு வார்ஃபரின் 5 மில்லிகிராம். கனடாவிலும் அமெரிக்காவிலும் இளஞ்சிவப்பு 1 மில்லிகிராம். இங்கே நீலம் 3, அங்கே 4. “பிங்க் ஒண்டு, நீலம் ஒண்டு” என்று நிறத்தால் மனப்பாடம் செய்து வைத்திருப்பவர் அங்கே குளிசை வாங்கினால் அளவு தவறிவிடும். மில்லிகிராமைச் சொல்லிப் பழகுங்கள். மஞ்சட் புத்தகம் கைப்பையிலேயே இருக்கட்டும்.

மற்ற மருந்துகளில் அஸ்பிரினும் இபுபுரோஃபெனும் வைத்தியர் சொல்லாமல் எடுக்கக்கூடாதவை. வாய்ப்புண்ணுக்குப் பூசும் மைக்கொனசோல் களிம்பு, விண்டர்கிறீன் எண்ணெய் கலந்த வலித்தைலம் ஆகியவையும் ஐ.என்.ஆரை உயர்த்தவல்லவை என்பது பலருக்குத் தெரியாது. கறியிற் போடும் மஞ்சளும் உள்ளியும் பரவாயில்லை. அவற்றையே கப்சியூலாக வாங்கி விழுங்குவது வேறு கதை. புதிய அன்டிபயோட்டிக் தந்தால், “நான் வார்ஃபரின் எடுக்கிறேன்” என்று முதலிற் சொல்லுங்கள்.

ஐ.என்.ஆர் பரிசோதனை வேண்டாத புதிய மருந்துகள் இன்று பலருக்குக் கொடுக்கப்படுகின்றன. ஆனால் உலோக வால்வு உள்ளவர்களுக்கு அவை பொருந்தா. மூட்டுவாதக் காய்ச்சலால் வால்வு பாதிக்கப்பட்டுத் துடிப்பும் ஒழுங்கு தவறியவர்களுக்கு வார்ஃபரின் வகையே மேல் என்று 2022இல் வெளிவந்த பெரிய ஆய்வு ஒன்று காட்டியது. ஆகவே அயலவர் மாற்றிவிட்டார் என்று நீங்களும் மாறவேண்டாம்.

பிள்ளைகளிடம் ஒரு வேண்டுகோள். “விளங்கிச்சுதோ?” என்று அம்மாவைக் கேட்காதீர்கள், “ஓம்” என்றுதான் சொல்வார். “இண்டைக்குப் பின்னேரம் எத்தினை குளிசை, எது எது, எடுத்துக் காட்டுங்கோ அம்மா” என்று கேளுங்கள். விளக்கமாகச் சொல்லிக்கொடுத்தபின் நாமும் நோயாளரிடம் அப்படித்தான் கேட்கிறோம். தவறு இருந்தால் அந்த இடத்திலேயே தெரிந்துவிடும். மூக்கிலிருந்து பத்து நிமிடத்துக்கு மேல் இரத்தம் வடிந்தாலோ, மலம் கறுத்தாலோ, சிறுநீர் சிவந்தாலோ, தலையிற் பலமாக அடிபட்டாலோ வெளியே காயம் தெரியாவிட்டாலும் உடனே வைத்தியசாலைக்குப் போகவேண்டும் என்பதையும் அவர் வாயாலேயே சொல்லக் கேளுங்கள். மொழிபெயர்ப்பதற்கு எப்போதும் பேரப்பிள்ளை பாடசாலையை விட்டு வரவேண்டியதில்லை. நேரம் குறிக்கும்போதே தமிழ் மொழிபெயர்ப்பாளர் வேண்டும் என்று கேட்டால் ஏற்பாடு செய்வார்கள். அதற்குக் கட்டணம் இல்லை.