டிக்கியைத் திறந்து பாருங்கள்

பழைய பொம்மைக் கார் வாங்க வருகிறவர்கள் முதலில் பெயிண்டைப் பார்க்கிறார்கள். நான் டிக்கியைப் பார்ப்பேன். கையில் இருப்பது கார்கி டாய்ஸின் 246ஆம் எண் கிரைஸ்லர் இம்பீரியல் என்றால், டிக்கியைத் திறக்காமல் விலை பேசவே மாட்டேன். உள்ளே மட்டைப் பையோடு ஒரு குட்டி கோல்ஃப் தள்ளுவண்டி இருக்க வேண்டும். பெரும்பாலும் இருக்காது.

1965 முதல் 1968 வரை விற்ற டைகாஸ்ட் கார் இது. உள்ளங்கையில் அடங்கிவிடும். கதவுகள், பானெட், டிக்கி எல்லாம் திறக்கும். கூரை இல்லாததால் இருக்கைகளும், ஓட்டுபவரும், பக்கத்தில் அமர்ந்திருப்பவரும் பளிச்சென்று தெரிவார்கள். அமெரிக்கக் கார்தான், ஆனால் பொம்மை பிறந்தது வேல்ஸில், ஸ்வான்சீயில் இருந்த மெட்டாய் கம்பெனியின் ஆலையில். 1956இல் மெட்டாய் கார்கியைச் சந்தைக்குக் கொண்டுவந்தபோது போட்டியாளரான டிங்கி கார்களில் ஜன்னல் கண்ணாடி கிடையாது. கார்கியில் இருந்தது, அதைச் சொல்லியே விற்றார்கள். அடுத்த பத்தாண்டுகளில் ஸ்பிரிங், திறக்கும் கதவு என்று ஒவ்வொன்றாகச் சேர்த்துக்கொண்டே போனார்கள். அந்த உற்சாகம் உச்சத்தில் இருந்த காலத்துக் கார் இந்த இம்பீரியல்.

நிஜ வண்டியையும் கொஞ்சம் தெரிந்துகொள்வது நல்லது. பொம்மையின் எந்தக் கோடு உண்மையானது, எது பின்னால் யாரோ அடித்த பெயிண்டில் மூழ்கிப்போனது என்று அப்போதுதான் கண் கண்டுபிடிக்கும். நிஜ வண்டியின் உடலை வடிவமைத்தவர் எல்வுட் எங்கல். கிரைஸ்லருக்கு வருவதற்கு முன் ஃபோர்டில் 1961ஆம் ஆண்டு லிங்கன் கான்டினென்டலை உருவாக்கியவர். இரண்டிலும் ஒரே கை தெரியும்: வளைவு குறைந்த, விளிம்பு கூர்மையான, நேரான பக்கங்கள். 1965 மாடலில் ஹெட்லைட்டுகளுக்கு மேல் கண்ணாடி மூடி இருந்தது. பானெட்டுக்குள் 413 கன அங்குல வி-8 எஞ்சின். அந்த ஆண்டு திறந்த இம்பீரியல் வெறும் 633தான் தயாரானது. அமெரிக்காவிலேயே பலர் கண்ணால் பார்த்திராத வண்டியை கார்கி சிறுவர்களின் கையில் கொடுத்தது. அந்தத் தாராளம் எனக்கு மிகவும் பிடிக்கும்.

அந்த விளிம்புகளைத்தான் வாங்கும்போது பார்க்கிறேன். ஆலையில் பூசிய பெயிண்ட் மெல்லியது. கதவின் இடுக்கு, கைப்பிடி, பக்கவாட்டுக் கோடு எல்லாம் அதில் தெளிவாகத் தெரியும். மறுபடி பூசிய காரில் இடுக்குகள் நிரம்பி, கைப்பிடி வெறும் மேடாகிவிடும். சிவப்பு வண்டியைவிட நீல வண்டி அபூர்வம், விலையும் கூடுதல். அதனால் நீலத்தைக் கண்டால் கதவைத் திறந்து உள்விளிம்பைப் பாருங்கள், பானெட்டைத் தூக்கிப் பாருங்கள். எங்காவது ஒரு மூலையில் சிவப்பு எட்டிப் பார்த்தால் விஷயம் முடிந்தது. பிறகு திருப்பிப் போட்டு அடித்தட்டைப் பாருங்கள். அடித்தட்டைப் பிடித்திருக்கும் ரிவெட்டின் தலை பழுதில்லாமல் இருக்க வேண்டும். துளையிட்ட தடமோ, பசையோ, திருகாணியோ தெரிந்தால் யாரோ காரைப் பிரித்திருக்கிறார்கள்.

கோல்ஃப் வண்டிக்கு வருவோம். அது எதோடும் ஒட்டப்படாத தனிப்பொருள். வாங்கிக்கொடுத்த அன்றே வெளியே எடுத்து விளையாடியிருப்பார்கள், சில வாரங்களில் சோபாவுக்கு அடியிலோ தோட்டத்திலோ காணாமல் போயிருக்கும். இப்போது நகல் கிடைக்கிறது. பழைய கார்களைச் செப்பனிடுபவர்களுக்கு அது உதவிதான், நகல் என்று சொல்லி விற்றால் எந்தத் தவறும் இல்லை. ஒரு பொம்மைச் சந்தையில் ஒருவர் அப்படி ஒன்றை டிக்கியில் வைத்து, முழுமையான செட் என்று எனக்கு விற்கப் பார்த்தார். மூலப்பொருளிலிருந்தே அச்செடுத்து வார்ப்பதால் நகல் இம்மியளவு சிறுத்து, கூர்மை மழுங்கியிருக்கும். மட்டைகளின் தலைகள் தனித்தனியாகத் தெரியாமல் ஒன்றாகக் கலந்திருந்தன. நான் லூப்பை எடுத்ததும் அவரே விலையைக் குறைத்தார். பத்து மடங்கு பெரிதாக்கிக் காட்டும் அந்தச் சின்ன லென்ஸ் பையில் எப்போதும் இருக்கட்டும். அட்டைப்பெட்டிக்கும் நகல் உண்டு. உட்புறம் புத்தம்புது வெள்ளையாக இருந்தால் சந்தேகப்படுங்கள்.

போருக்கு முந்தைய டிங்கிகள் சில தாமாகவே வெடித்து உதிரும். துத்தநாகக் கலவையில் காரீயம் கலந்துபோனதால் வரும் கேடு அது, மருந்து கிடையாது. அறுபதுகளின் கார்கியில் அந்தப் பயம் அநேகமாக இல்லை. இங்கே கவலை வேறு: முன்கண்ணாடி, அச்சு, டயர். திறந்த காரில் கண்ணாடிக்குக் கூரையின் துணை இல்லை, தட்டினால் விரிசல் விட்டுவிடும். ஆகவே தூக்கும்போது அடியிலிருந்து பிடியுங்கள். அச்சு இரும்பு, துருப்பிடிக்கும். தண்ணீரில் முக்காதீர்கள். மென்மையான தூரிகையால் தூசி தட்டி, பாத்திரம் கழுவும் சோப்புத் தண்ணீர் லேசாகத் தொட்ட பஞ்சால் துடைத்து, உடனே உலர்த்தினால் போதும். தின்னர், பெட்ரோல், கார் பாலிஷ் எதுவும் வேண்டாம். டயர்கள் பிளாஸ்டிக் பரப்பின் மேல் வருடக்கணக்கில் நின்றால் அதில் ஒட்டி உருகல் தடம் விடும், அடியில் அட்டை போடுங்கள். சென்னை, தூத்துக்குடி போன்ற கடலோர ஊர்களில் இருப்பவர்கள் அலமாரிக்குள் சிலிக்கா ஜெல் பை வைத்து, வெயில் படாமல் பார்த்துக்கொள்ளுங்கள். வெயில் சிவப்பை வெளிறவைத்துவிடும்.

பெயிண்ட் உதிர்ந்திருக்கிறதே, பூசிவிடலாமா என்று நண்பர்கள் கேட்கிறார்கள். வேண்டாம் என்பதுதான் என் உறுதியான பதில். ஆலையில் பூசிய பெயிண்ட் ஒருமுறை போனால் திரும்ப வராது, சேகரிப்பவர்கள் அதற்குத்தான் காசு கொடுக்கிறார்கள். உங்கள் வீட்டுப் பரணில் இப்படி ஒரு கார் கிடைத்தால் பிரஷ்ஷை எடுக்காதீர்கள். அது கிடந்த பெட்டியையும் சுற்றியுள்ள குப்பையையும் முதலில் சல்லடை போட்டுத் தேடுங்கள். அந்தத் தள்ளுவண்டி அங்கேயே கிடக்கலாம்.