ஒன்பது மணிக்கு முன் ஏறாதீர்கள்

மியூனிக்கில் படிக்க வரும் நம் பிள்ளைகள் முதல் செமஸ்டரிலேயே ரேகன்ஸ்பர்க் போய்வரக் கிளம்பிவிடுகிறார்கள். நல்ல தேர்வுதான். ரயிலில் ஒன்றரை மணி நேரம். இறங்கினால் பழைய நகரம் நடைதூரம். ஊரைச் சுற்றுவதில் யாரும் திணறுவதில்லை. மாட்டிக்கொள்வதெல்லாம் டிக்கெட்டில்.

முதல் வேலை, கூட வருபவர்களில் யாரிடம் டாய்ச்லாண்ட் டிக்கெட் இருக்கிறது என்று கேளுங்கள். அந்த மாதச் சந்தா உள்ளவர் எந்த நேரத்திலும் வட்டார ரயிலில் ஏறலாம். அவரைக் கணக்கில் சேர்க்க வேண்டாம். மற்றவர்களுக்குச் சேர்த்து பயர்ன் டிக்கெட் என்ற ஒருநாள் குழு டிக்கெட் ஒன்றே போதும். ஐந்து பேர் வரை அதில் போகலாம். முதல் ஆளுக்குத்தான் விலை. அடுத்தடுத்த ஆளுக்குக் கூடுவது கொஞ்சம்தான்.

இனிதான் சிக்கல். வார நாட்களில் இந்த டிக்கெட் காலை 9 மணியிலிருந்துதான் செல்லும். 8.45 வண்டியில் ஏறிவிட்டு, "பாதி வழியிலேயே ஒன்பது ஆகிவிடுமே" என்று பரிசோதகரிடம் வாதாடிப் பயனில்லை. அபராதம் 60 யூரோ. விடுதியிலிருந்து ரயில் நிலையம் வரும் ஊ-பான் என்ற சுரங்க ரயிலுக்கும் இதே டிக்கெட் செல்லும், ஆனால் ஒன்பது மணிக் கணக்கு அங்கேயும் உண்டு. பலரும் கோட்டைவிடுவது இங்கேதான். சனி, ஞாயிறு, விடுமுறை நாட்களில் நள்ளிரவு முதலே செல்லும். எந்த நாளானாலும் மறுநாள் அதிகாலை 3 மணி வரை கெடு.

வாங்கியதும் பயணிகளின் பெயரை எழுதிவிடுங்கள். பெயர் இல்லாத டிக்கெட் செல்லாது. நம் ஆட்கள் இனிஷியலோடு கூப்பிடும் பெயரை எழுதிவிட்டு, பாஸ்போர்ட்டில் அப்பா பெயர் குடும்பப் பெயராக இருப்பதைப் பார்த்து விழிப்பார்கள். பாஸ்போர்ட்டில் உள்ளதை உள்ளபடி எழுதுங்கள். அடையாள அட்டையும் கையில் இருக்கட்டும்.

அடுத்து வண்டி. ஐசிஇ, ஐசி, இசி ஆகிய நெடுந்தூர ரயில்கள் மூன்றிலும் இந்த டிக்கெட் செல்லாது. செயலியில் தேடும்போது வட்டார ரயில் மட்டும் என்ற வடிகட்டியைப் போட்டுவிட்டால் தலைவலி இல்லை. மியூனிக் நிலையத்தில் 5 முதல் 10 வரையும் 27 முதல் 36 வரையும் உள்ள பிளாட்பாரங்கள் பக்கவாட்டில் ஒதுங்கி இருக்கும். வண்டி எங்கிருந்து என்று முன்னாடியே பார்க்காமல் கடைசி இரண்டு நிமிடத்தில் ஓடாதீர்கள். பவேரியாவில் சில வண்டிகள் வழியில் இரண்டாகப் பிரிந்து வேறு வேறு ஊருக்குப் போகும். பெட்டியில் எழுதியிருக்கும் ஊர்ப்பெயரைப் பார்த்துவிட்டு உட்காருங்கள்.

நாள் என்றால் சனிக்கிழமைதான். திங்களன்று அருங்காட்சியகங்கள் பெரும்பாலும் மூடியிருக்கும். ஞாயிறன்று கடைகள் மூடியிருக்கும், தண்ணீர் பாட்டிலுக்குக்கூட ரயில் நிலையத்துக்குத்தான் திரும்ப வேண்டும். தேவாலயத்தில் பாட்டுக் கேட்கப் போகிறவர்களுக்கு மட்டும் விதிவிலக்கு. 975-இல் தொடங்கிய டோம்ஷ்பாட்சன் சிறுவர் குழு, பள்ளி நடக்கும் நாட்களில் ஞாயிறு காலைத் திருப்பலியில் பாடும்.

ஊரில் இறங்கியதும் நேரே பழைய நகர்மன்றத்துக்குப் போங்கள். வழியில் எதற்கும் நிற்காதீர்கள். 1663 முதல் 1806 வரை புனித ரோமானியப் பேரரசின் மன்றம் கலையாமல் கூடிய மண்டபம் அங்கே இருக்கிறது. வழிகாட்டியோடு மட்டுமே உள்ளே விடுவார்கள். ஆங்கிலச் சுற்று எப்போது என்று கேட்டு அதற்குச் சீட்டு வாங்கிவிட்டால், மிச்ச நேரத்தை அதைச் சுற்றிப் போட்டுக்கொள்ளலாம். தேவாலயம் பார்த்துவிட்டு மாலையில் இங்கே வருபவர்கள் மூடிய கதவைப் பார்த்துவிட்டுத் திரும்புகிறார்கள். உள்ளே போனதும் இருக்கைகளின் உயரத்தைக் கவனியுங்கள். பேரரசருக்கு எல்லோரையும்விட உயரமான மேடை, அவரைத் தேர்ந்தெடுக்கும் உரிமை பெற்ற சிற்றரசர்களுக்கு அதற்குக் கீழ். அந்தஸ்தைப் படிக்கட்டு வைத்தே அளந்திருக்கிறார்கள். கீழ்த்தளத்தில் சித்திரவதை அறை. மென்மையான மனசுக்காரர்கள் வெளியே காத்திருக்கலாம்.

மற்றதெல்லாம் எளிது. தேவாலயத்தில் 1280 வாக்கில் செதுக்கிய, வாய்கொள்ளாமல் சிரிக்கும் தேவதூதரைத் தேடுங்கள். கண்ணாடி ஓவியத்தைப் பார்த்தே தலை நிமிர்ந்திருந்தால் தவறிவிடும். பக்கத்துத் தெருவில், ஒரு வீட்டுச் சுவருக்குள் மாட்டிக்கொண்டு நிற்கிறது ரோமானியப் படைமுகாமின் வாசல். முகாம் கட்டி முடித்த ஆண்டு 179. வரவேண்டிய பணத்தைக் கேட்டு 1630-இல் இந்த ஊருக்கு வந்த வானியலாளர் கெப்லர் இங்கேயே காலமானார். அந்த வீடும் நடைதூரத்தில்தான். டான்யூப் மேல் உள்ள கல்பாலம் 12ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தது. அதைத் தாண்டி எதிர்க்கரைக்குப் போய்த் திரும்பிப் பார்த்தால்தான் ஊர் முழுசாகத் தெரியும். பாலத்தடியில் உள்ள பழைய சாஸேஜ் கடையில் வரிசை நீளும். என்னைக் கேட்டால் கட்டிக்கொண்டு வந்த புளியோதரையை ஆற்றங்கரைப் புல்லில் உட்கார்ந்து சாப்பிடுவேன். செருப்பு வேண்டாம், ஷூ போடுங்கள். தெருவெல்லாம் உருண்டைக் கல்.

திரும்பும்போது கடைசி வண்டியை நம்பக் கூடாது. அதற்கு முந்தையதைப் பிடியுங்கள். வண்டி 20 நிமிடத்துக்கு மேல் தாமதமானால் வேறு ரயிலில் ஏறலாம் என்ற பயணிகள் உரிமை பயர்ன் டிக்கெட்டுக்குக் கிடையாது. ரத்தானாலும் ஐசிஇ-யில் ஏற முடியாது, அடுத்த வட்டார ரயிலுக்குத்தான் காத்திருக்க வேண்டும். மூன்று மணிக் கெடு இருப்பதால் டிக்கெட் செத்துவிடாது. போனில் சார்ஜ் செத்துவிடும். டிக்கெட் அதில்தான் இருக்கிறது என்றால் பவர்பேங்க் இல்லாமல் கிளம்பாதீர்கள்.