கறுப்புக் குதிரையா, திறமறியாக் குதிரையா?

தேர்தல் காலத்திலும் விளையாட்டுப் போட்டிகளின்போதும் நாளிதழ்களில் 'கறுப்புக் குதிரை' என்னும் தொடரைக் காண்கிறோம். எவரும் எதிர்பாராத நிலையில் முந்தி வெல்லக்கூடியவர் என்பது அதன் கருத்து. ஆங்கிலேயரின் குதிரைப் பந்தயத்தில் பிறந்த 'டார்க் ஹார்ஸ்' என்பதன் மொழிபெயர்ப்பு இது. ஆனால், அங்கே 'டார்க்' என்பது நிறத்தைச் சுட்டவில்லை. திறம் வெளிப்படாதிருத்தலையே சுட்டுகிறது. வெள்ளைக் குதிரையும் 'டார்க் ஹார்ஸ்' ஆகலாம்!

1831இல் பெஞ்சமின் டிஸ்ரேலி வெளியிட்ட 'தி யங் டியூக்' என்னும் புதினத்தில் ஒரு பந்தயம் வருகிறது. பெரிதும் நம்பப்பட்ட குதிரைகள் பின்தங்க, எவரும் கருதாத ஒன்று வெல்கிறது. அதனை அவர் இத்தொடரால் குறித்தார். பின்னர் இத்தொடர் அரசியலிலும் புகுந்தது. 1844இல் பால்டிமோரில் கூடிய அமெரிக்க ஜனநாயகக் கட்சி மாநாட்டில், முதல் ஏழு சுற்றுகளில் ஒரு வாக்கும் பெறாத ஜேம்ஸ் போல்க் ஒன்பதாம் சுற்றில் வேட்பாளரானார். அவ்வாண்டே குடியரசுத் தலைவர் தேர்தலிலும் வென்றார். இத்தொடருக்கு இன்றும் எடுத்துக்காட்டாகக் கூறப்படுபவர் அவரே.

குதிரை நம் பொருநைக் கரைக்குப் புதிதன்று. ஆறு கடலொடு கலக்குமிடத்தில் விளங்கிய காயல் துறைக்கு ஓர்முஸ், ஏடன் முதலிய இடங்களினின்று குதிரைகளை ஏற்றிய கப்பல்கள் வந்ததை 13ஆம் நூற்றாண்டில் மார்க்கோ போலோ குறித்துள்ளார். எனினும் நம் சிற்றூர்களில் வேரூன்றியது மாட்டுவண்டிப் பந்தயமே. பெரிய மாடு, சின்ன மாடு, பூஞ்சிட்டு எனப் பிரித்து ஓட்டப்பெறும் அப்பந்தயங்களிலும் பெயர் பெறாத சோடியொன்று பேர்போன காளைகளை முந்துவதுண்டு. கருத்து நமக்கு அயலன்று, சொல்தான் இடறுகிறது.

'கறுப்பு' என்னும் சொல்லுக்கு வெகுளிப் பொருளை முதலிற் கூறி, நிறப்பொருளை அடுத்து வைக்கிறது தொல்காப்பிய உரியியல். இக்காலத்திலோ கறுப்புப் பணம், கறுப்புச் சந்தை என முறைகேட்டுச் சாயலும் அதில் ஏறிவிட்டது. ஒரு வேட்பாளரைக் 'கறுப்புக் குதிரை' என்றால், மாணவர் பலர் அவரைக் குறுக்குவழியில் வருபவர் என்றே கொள்வர். ஆங்கிலத் தொடரிலோ அத்தகைய பழிப்பு இல்லை.

மறைந்திருத்தலைக் குறிக்கும் 'கரவு' நமக்குண்டு. ஆனால் அதில் வஞ்சகம் கலந்துள்ளது. 'அறியாக் குதிரை' எனின், அறியாமை குதிரையுடையதாகிவிடும். 'திறமறியாக் குதிரை' என்பதே எமக்கு ஏற்புடையதாகத் தோன்றுகிறது. உரைநடையில் உருவகமே வேண்டாதவர் 'எதிர்பாராப் போட்டியாளர்' என எழுதலாம். எதுவாயினும், பலமுறை வென்று புகழ்பெற்றவருக்கு இத்தொடர் பொருந்தாது. போல்க்கே அடுத்தும் போட்டியிட்டிருப்பின் அப்பெயரை இழந்திருப்பார்.