பம்ப் லைன் ஏன் அடைக்கிறது?

கேள்வி: பல்லாவரத்திலிருந்து பம்மல் போகும் வழியில், ஒரு குறுகலான தெருவில் மூன்று மாடிக் குடியிருப்பு கட்டுகிறேன். மேலே மின்கம்பி போவதால் பூம் பம்பைக் கொண்டுவர முடியவில்லை. லைன் பம்பை வாடகைக்கு எடுத்தோம். இரண்டாவது மாடிக்குக் கூரை போட்ட அன்று லைன் திரும்பத் திரும்ப ஜாம் ஆனது. “கான்கிரீட் கெட்டியா இருக்கு, தண்ணி விடுங்க” என்கிறார் பம்ப் ஆபரேட்டர். “பம்புதான் தேஞ்சுபோச்சு” என்கிறார் மிக்ஸர் லாரி டிரைவர். கடைசியில் பையன்கள் கிளாம்பைத் தட்டிக் கழற்றித்தான் சரிசெய்தார்கள். யார் சொல்வது சரி?

- கான்ட்ராக்டர் ஒருவர், பல்லாவரம்

பதில்: யார் சரி என்பது இருக்கட்டும். பையன்கள் கிளாம்பைத் தட்டிக் கழற்றியதுதான் எனக்குப் பெரிய கவலை. அடைத்துக்கொண்ட லைனில், பம்பை நிறுத்திய பிறகும் அழுத்தம் இறங்காமல் நிற்கும். அப்போது கிளாம்பைத் திறந்தால் கல்லும் கலவையும் முகத்தில் பாயும். கண் போகும், உயிரே போகலாம். முதலில் ரிவர்ஸ் போட்டு இரண்டு மூன்று ஸ்ட்ரோக் கான்கிரீட்டை ஹாப்பருக்குள் இழுக்க வேண்டும். அழுத்தமானி முள் சுழிக்கு வந்ததைக் கண்ணால் பார்க்க வேண்டும். அதன் பிறகு குழாயைத் தட்டிப் பார்த்தால், காலியான இடம் கணீரென்று ஒலிக்கும், அடைத்த இடம் மொத்தென்று கேட்கும். கண்ணாடி அணிந்து, பக்கவாட்டில் நின்று அந்த இணைப்பை மட்டும் திறக்கலாம்.

குழாயை மறுபடி மாட்டும்போது உள்ளே காற்று சிக்கிக்கொள்ளும். அது வெளியேறும் நொடியில் முனையிலுள்ள ரப்பர் ஹோஸ் வெறிகொண்டதுபோல் வீசியடிக்கும். கான்கிரீட் சீராக வரும்வரை அதை யாரும் பிடித்திருக்கக் கூடாது, அதன் வீச்சுக்குள் நிற்கவும் கூடாது.

இனி உங்கள் கேள்வி. தண்ணீர் விடச் சொன்னது தவறு. குழாய்க்குள் கான்கிரீட் ஒரே உருளையாக நகர்கிறது. அதைச் சுற்றியுள்ள மெல்லிய சிமெண்ட் பூச்சுதான் அதை வழுக்கிக்கொண்டு போகச் செய்கிறது. தண்ணீர் கூடினால் சிமெண்ட் பால் முன்னால் ஓடிவிடும். பின்தங்கிய ஜல்லி குழாய் வளைவில் (பெண்ட்) ஒன்றோடொன்று கோத்துக்கொண்டு இறுகிவிடும். ஜாம் அடிக்கடி வருவதோடு கூரையின் பலமும் குறையும். பம்பில் ஏற்றும் கான்கிரீட்டுக்கு ஐ.எஸ். 456 சொல்லும் ஸ்லம்ப் 75 முதல் 100 மி.மீ. வரை. பிளாஸ்டிசைசர் சேர்த்த கலவையில் அதற்கு மேலும் எடுப்பதுண்டு, அதை ஆர்.எம்.சி. பிளாண்ட்டின் டெக்னீஷியன் தீர்மானிக்க வேண்டும், ஹோஸ் பைப்பைப் பிடித்திருப்பவர் அல்ல. லாரியில் ஏற்றியதிலிருந்து 2 மணி நேரத்துக்குள் இறக்க வேண்டும் என்கிறது ஐ.எஸ். 4926. ஜி.எஸ்.டி. சாலை நெரிசலில் அந்த நேரம் எப்படிக் கரையும் என்று உங்களுக்கே தெரியும். சலானில் உள்ள ஏற்றிய நேரத்தைப் பார்க்காமல் இறக்க விடாதீர்கள். கத்திரி வெயிலில் லைன்மீது ஈரச் சாக்கு போடுங்கள்.

நம் பக்கத்துக் கல்லுக்கும் இதில் பங்குண்டு. பல்லாவரம், பரங்கிமலைப் பகுதியின் பாறை சார்னோக்கைட். கொல்கத்தாவில் ஜோப் சார்னாக்கின் கல்லறைக் கல்லும் இதே வகை என்பதால் 1893-இல் தாமஸ் ஹாலண்ட் இந்தப் பெயரைச் சூட்டினார். கட்டடத்துக்கு அருமையான கல். ஆனால் உடைத்தால் கூர்முனைகளோடு உடையும், இரும்பையும் தேய்க்கும். எம்-சாண்டும் உடைத்த கல்தான் என்பதால், மணலில் மென்துகள் குறைந்தாலோ, ஜல்லி சப்பையாக இருந்தாலோ, லைனில் போக மறுக்கும். ஜல்லி 20 மி.மீ.க்கு மேல் வேண்டாம்.

இங்கேதான் லாரி டிரைவர் சொன்னதிலும் உண்மை இருக்கக்கூடும். எஸ் வால்வின் கட்டிங் ரிங்கும் அது உரசும் வேர் பிளேட்டும் தேய்ந்தால் இடைவெளி விழும். ஒவ்வொரு ஸ்ட்ரோக்கிலும் சிமெண்ட் பால் அந்த வழியாக ஹாப்பருக்கே திரும்பி, வறண்ட ஜல்லிதான் லைனில் போகும். வாட்டர் பாக்ஸையும் திறந்து பாருங்கள். தண்ணீர் சிமெண்ட் நிறமாகக் கலங்கியிருந்தால் பிஸ்டனின் ரப்பர் தேய்ந்துவிட்டது. கேஸ்கெட் ஒழுகும் இணைப்பிலும் இதே கதை; பால் சொட்டும் இடத்தில் அடைப்பு உருவாகும். எஸ் வால்வுக்கும் கலக்கிக்கும் கிரீஸ், வேலை நடக்கும்போதே போட வேண்டும்.

லைனைச் சென்ட்ரிங் முட்டில் கட்டியிருந்தால் உடனே அவிழ்த்துவிடுங்கள். 125 மி.மீ. குழாயின் 3 மீட்டர் துண்டில் மட்டும் 90 கிலோ அளவுக்குக் கான்கிரீட் நிற்கும். ஒவ்வொரு ஸ்ட்ரோக்கிலும் அது முழுதும் குலுங்கும். மேலேறும் குழாயை, ஏற்கெனவே இறுகிய தூணில் கட்டுங்கள். தொடங்கும்முன் விடும் சிமெண்ட் பால் கூரைக்குள் விழாமல் வெளியே பிடித்துக் கொட்டுங்கள். முடிந்ததும் ஸ்பாஞ்ச் பந்தைத் தண்ணீரால் தள்ளிக் கழுவுவதே நல்லது. காற்றால் தள்ளினால் முனையில் கூடை மாட்டாமல் தொடங்கக் கூடாது.

அடுத்த கூரைக்குமுன், எஞ்சினை நிறுத்திச் சாவியை எடுத்துவிட்டு, ஹாப்பரைத் திறந்து வேர் பிளேட்டைக் காட்டும்படி வாடகைக்காரரிடம் கேளுங்கள். காட்ட மறுத்தால் வேறு பம்பைப் பாருங்கள்.