வட்டமாக உட்கார்ந்தால் அறிமுகம் ஆகிவிடுமா?

நம்பிக்கை: ஒவ்வொருவராகப் பெயர், ஊர், வேலை சொல்லிவிட்டால் அறிமுகம் முடிந்தது.

உண்மை: முடிந்தது சடங்குதான். ஆசிரியர் பயிற்சியோ மகளிர் குழுக் கூட்டமோ, மைக் நெருங்கும்போது முகங்களைக் கவனியுங்கள். ஒருவர் தொண்டையைச் செருமிக்கொள்வார். இன்னொருவர், "சர்வீஸ் எத்தனை வருஷம்னு சொல்லணுமா சார்?" என்று பக்கத்தில் கிசுகிசுப்பார். முறை வரும்வரை மனசுக்குள் ஒத்திகை, சொல்லி முடித்ததும் ஒரு பெருமூச்சு. இதற்கு நடுவில் அடுத்தவர் பெயர் எங்கே காதில் விழும்?

மால்கம் பிரென்னர் என்ற ஆய்வாளர் 1973-இல் வெளியிட்ட ஆய்வு இதைத்தான் காட்டியது. மேசையைச் சுற்றி உட்கார்ந்தவர்கள் முறைவைத்துச் சொற்களை உரக்க வாசித்தார்கள். தங்கள் முறைக்குச் சற்று முன்னால் மற்றவர்கள் வாசித்த சொற்கள்தான் அவர்களுக்கு மிகக் குறைவாக நினைவிருந்தன. அதாவது, நாள் முழுக்க யாரோடு உட்காரப்போகிறோமோ, அந்தப் பக்கத்து நாற்காலிக்காரர் பெயர்தான் முதலில் தவறுகிறது. 40 பேர் ஆளுக்கு ஒரு நிமிடம் எடுத்தால் 40 நிமிடமும் போச்சு. இருவர் இருவராகப் பிரித்து, அன்றைய தலைப்பை ஒட்டி ஒரு கேள்வி கொடுத்து ஐந்து நிமிடம் பேசவிட்டால், ஒரே ஒரு ஆளையாவது உருப்படியாகத் தெரிந்துகொள்வார்கள்.

நம்பிக்கை: சிரித்துவிட்டார்கள், கூச்சம் போய்விட்டது.

உண்மை: செய்தித்தாளை விரித்து அதன்மேல் சேர்ந்து நின்று, பாதி பாதியாக மடித்துக்கொண்டே போகும் விளையாட்டு கல்லூரிப் பிள்ளைகளுக்குக் கொண்டாட்டம். முட்டிவலிக்காரத் தலைமையாசிரியையும் அதில் சிரிக்கத்தான் செய்வார். அது சமாளிப்புச் சிரிப்பு. ஆணும் பெண்ணும் ஒட்டி நிற்கத் தயங்கும் இடத்தில் இன்னும் மோசம். மேலதிகாரி ஓரமாக நின்று செல்போனில் படம் வேறு எடுத்துக்கொண்டிருந்தால் கேட்கவே வேண்டாம். வேண்டாம் என்பவரிடம் விசிலையோ மதிப்பெண் தாளையோ கொடுத்து உட்காரவையுங்கள். விளையாட்டு ஒன்றும் கெட்டுவிடாது.

நம்பிக்கை: எடுத்த எடுப்பிலேயே மனம் திறக்கவைக்க வேண்டும்.

உண்மை: "உங்கள் வாழ்க்கையின் பெரிய சோகம் என்ன?" என்று காலை பத்து மணிக்கே கேட்கிற பயிற்றுநர்கள் இருக்கிறார்கள். நெருக்கம் அப்படி வருவதில்லை. உளவியலாளர் ஆர்தர் ஆரனும் சக ஆய்வாளர்களும் 1997-இல் வெளியிட்ட 36 கேள்விகள் உலகப் புகழ் பெற்றவை. அறிமுகமில்லாத இருவர் சுமார் 45 நிமிடம் மாறி மாறிப் பதில் சொல்வார்கள். முதல் கேள்வி, யாரை விருந்துக்கு அழைக்க ஆசை என்பதுதான். கடைசியாக எப்போது இன்னொருவர் முன்னால் அழுதீர்கள் என்பது மூன்றாம் தொகுப்பில்தான் வருகிறது. கூட்டம் முழுக்கக் கேட்க அல்ல, எதிரில் இருக்கும் ஒருவரிடம் மட்டும் சொல்ல.

நம்பிக்கை: சாப்பாட்டுக்குப் பின் வரும் தூக்கத்தை எனர்ஜைசர் விளையாட்டு விரட்டிவிடும்.

உண்மை: பழியைச் சாம்பார் சாதத்தின்மேல் மட்டும் போட முடியாது. நிறையச் சாப்பிட்டால் அசதி கூடும் என்பது சரி. ஆனால் உடற்கடிகாரமே பிற்பகலில் சற்று இறங்குகிறது. சாப்பிடாதவருக்கும் அந்த மந்தம் வரும். மழை பெய்வதுபோல் ஒரு விரல், இரு விரல் என்று கைதட்ட வைத்தால் கொஞ்ச நேரம் கண் திறக்கும். பிறகு விளக்கை அணைத்து 60 ஸ்லைடு ஓட்டினால் பின்வரிசை மறுபடி சாய்ந்துவிடும். சார்ட் எழுதுவது, நின்றபடி விவாதிப்பது போன்ற குழு வேலைகளை இரண்டு மணிக்கு வைத்துவிட்டு, ஸ்லைடுகளைக் காலைக்கு மாற்றுங்கள். முடிந்தால் அவற்றில் பாதியைக் குறையுங்கள்.